முள்ளில் வந்த செதில்

(கொல்கத்தா லேக் மார்க்கெட் பகுதித் தமிழர்கள் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு சின்னப் பொருளைக் காகிதத்தில் மடித்து எடுத்து வந்திருக்கிறேன். முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகள் கைமாற்றிப் பார்க்கலாம், உடைந்துவிடாது. ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே வட்டம் வட்டமாகக் கோடுகள் தெரியும். மரத்தில் ஆண்டு வளையம் போல மீன் வளர வளர விழுகிற கோடுகள் அவை. இது ரோகு மீனின் செதில். அந்த மீனை நான் பார்க்கவில்லை. செதில் மட்டும் என் தூண்டில் முள்ளில் வந்தது.

நான் இந்த ஊருக்கு வந்து இரண்டாவது வருடம். அண்டை வீட்டில் ஒரு பெரியவர், நான் அவரைக் காகு என்று கூப்பிடுவேன், சித்தப்பா முறை. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் டாக்குரியா ஸ்டேஷனில் ரயில் ஏறி, சோனார்பூர் பக்கம் ஒரு குளத்துக்கு என்னை அழைத்துப் போனார். காசு கட்டி நாள்சீட்டு வாங்கிக்கொண்டு மீன் பிடிக்கிற குளம். தண்ணீருக்கு மேல் மூங்கிலில் கட்டிய மாச்சா. அதில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். ஒன்பது மணி இருக்கும், என் மிதப்பு விசுக்கென்று உள்ளே போனது. முழுப் பலத்தோடு சுண்டினேன். ஒரு கணம் கல்லில் மாட்டியது போல் கனம், அடுத்த கணம் ஒன்றுமில்லை. இழுத்துப் பார்த்தால் முள்ளில் இரை அப்படியே இருக்கிறது, பக்கத்தில் இந்தச் செதில் குத்தி நிற்கிறது.

"காகு, பெரிய மீன் தப்பிவிட்டது!" என்று கத்தினேன். அவர் செதிலை வாங்கி உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அது உன் இரையைத் தின்ன வரவில்லை. அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நீதான் அதைக் குத்தினாய்" என்றார். அதற்குப் பிறகு மதியம்வரை என்னோடு பேசவில்லை.

அன்றிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டிருக்கும் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன். வாயில் மாட்ட வேண்டிய முள் வயிற்றிலும் வாலிலும் துடுப்பிலும் ஏன் மாட்டுகிறது? தற்செயல், அதிர்ஷ்டக் கேடு என்று பலரும் தள்ளிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இத்தனை வருடம் குளக்கரையில் உட்கார்ந்து பார்த்த பிறகு எனக்கு இருக்கிற எண்ணம் வேறு. பத்துக்கு எட்டு முறை அதற்குக் காரணம் கரையில் உட்கார்ந்திருப்பவன்தான்.

எந்த மீனைப் பற்றிப் பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்துத் தூண்டில்காரர்கள் நன்னீர் மீன்களை இரண்டு சாதியாகப் பிரித்தார்கள். சால்மனும் டிரவுட்டும் உயர்ந்த வேட்டை மீன்கள், மற்றதெல்லாம் கரட்டு மீன்கள். கெண்டைக் குலம் முழுவதும் இந்தக் கரட்டுக் கணக்கில்தான் வரும். வங்காளத்தில் இந்தக் கணக்குத் தலைகீழ். அங்கே ஒதுக்கி வைத்த அதே குலத்தில்தான் இங்கே ருயி என்கிற ரோகுவும் காத்லாவும் பிறந்திருக்கின்றன. கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்குப் போகும் சீர்வரிசையில் முழு ரோகு மீனுக்குச் சேலை சுற்றி, பொட்டு வைத்து, மணப்பெண் போல அலங்கரித்து அனுப்புவதை நீங்கள் அண்டை வீடுகளில் பார்த்திருப்பீர்கள். இந்த மண்ணில் அதைக் கரட்டு மீன் என்று சொல்ல யாருக்கும் நா எழாது.

பெயர்களிலும் அந்த மதிப்பு இருக்கிறது. பிரான்சிஸ் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் கங்கை மீன்களைப் பற்றி 1822-இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அதற்கு முன்பு சில காலம் ஹூக்ளியின் அக்கரையிலிருக்கும் தாவரவியல் தோட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். மீன்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும்போது அவர் மீனவர்கள் வாயில் இருந்த பெயர்களையே எடுத்துக்கொண்டார். ரோகிதா, காத்லா, மிருகாலா, கால்பாசு என்று உலகம் முழுக்க இன்றும் எழுதுகிறார்களே, அவை இந்த ஊர்ச் சொற்கள். குளத்துத் தூண்டிலைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமும் வந்தது. 1887-இல் அதை எழுதிய ஹென்றி சல்லிவன் தாமஸ் நம் சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்தவர். இந்தியக் குளத்தில் தூண்டில் போடுவதற்கென்று ஒரு முழுப் புத்தகம் தேவைப்பட்டது என்பதே, இது ஆற்றோரத்து டிரவுட் வேட்டையிலிருந்து வேறான கலை என்பதைக் காட்டுகிறது. ஓடாத தண்ணீர், கலங்கிய தண்ணீர், கண்ணுக்கே தெரியாத மீன். கையில் இருக்கிற ஒரே சாட்சி அந்த மிதப்புதான்.

வங்காளிகள் அதை ஃபாத்னா என்கிறார்கள். மயிலிறகின் தண்டில் செய்வார்கள், சோலா நெட்டியிலும் செய்வார்கள். கோல் சிப், முள் பொர்ஷி, முள்ளில் வைக்கும் இரை டோப். இவற்றுக்கெல்லாம் நம்மிடம் நேர்ச்சொல் இருக்கிறது. நம்மிடம் அவ்வளவு பழக்கமில்லாத ஒன்று சார். மீனைக் கூட்டுவதற்காகத் தண்ணீரில் முன்கூட்டியே போடுகிற வாசனைத் தீவனம். கடுகுப் பிண்ணாக்கு, வறுத்துப் பொடித்த வெந்தயம், ஏகாங்கி என்று இவர்கள் சொல்லும் கச்சோலக் கிழங்கு, இன்னும் என்னென்னவோ. ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்பக்குவம் உண்டு, அண்ணன் தம்பிக்குக்கூடச் சொல்லமாட்டார்கள். முள்ளில் வைப்பதற்குச் செவ்வெறும்பு முட்டையை மாவோடு பிசைந்து உருட்டுவார்கள். காலை ரயிலில் ஒரு தூண்டில்காரர் ஏறினால் பெட்டி முழுக்க வெந்தய வாசனை வரும். எனக்கு அந்த வாசனை பிடிக்கும்.

சரி, தண்ணீருக்குள் போவோம். கெண்டைக் குலத்து மீன்களுக்குத் தாடையில் பல் கிடையாது. பல் தொண்டைக்குள் இருக்கிறது. ஆகவே அவை இரையைக் கடிப்பதில்லை, உறிஞ்சுகின்றன. வாயைக் குழல் போல முன்னால் நீட்டி, தண்ணீரோடு சேர்த்து உள்ளே இழுக்கின்றன. உள்ளே போனதை மேலண்ணத்தில் சுவை மொட்டுகள் நிறைந்த ஒரு தசை தடவிப் பார்க்கிறது. இரை தங்கும், மண்ணும் கல்லும் வெளியே துப்பப்படும். இதெல்லாம் நொடிக்கும் குறைவான நேரத்தில் நடந்து முடிந்துவிடும். நாம் 'மீன் கடிக்கிறது' என்கிறோமே, அந்தச் சொல்லே இந்த மீன்களுக்குப் பொருந்தாது. உறிஞ்சிப் பார்த்துத் துப்பும் அந்த ஒரு கணத்தில் நாம் சுண்டினால் முள் உதட்டுக்கு வெளியே, தாடைக்குக் கீழே, செவுள் மூடியின் ஓரத்தில் ஏறும். உடம்பில் மாட்டுவதில் இது முதல் வகை. வாய்க்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் மீன் ஏறக்குறைய எப்போதும் இரைக்கு வந்த மீன்தான். 1980-ஐ ஒட்டி இங்கிலாந்தில் கெண்டை பிடிப்பவர்கள் ஒரு கட்டு முறையைக் கண்டுபிடித்தார்கள். இரையை முள்ளில் குத்தாமல், முள்ளுக்கு வெளியே மயிரிழை போன்ற ஒரு நூலில் தொங்கவிடுவது. மீன் இரையை உறிஞ்சும்போது முள்ளும் கூடவே போகும், துப்பும்போது முள் உதட்டின் உட்புறத்தில் பற்றிக்கொள்ளும். துப்புகிற பழக்கத்தைப் புரிந்துகொண்டவன்தான் அதைச் செய்திருக்க முடியும்.

என் செதில் வேறு கதை சொல்கிறது. உதட்டிலும் தாடையிலும் செதில் கிடையாது, அது உடம்பிலிருந்து வந்தது. அந்த மீன் இரையைப் பார்த்தே இருக்காது. அப்படியானால் என் மிதப்பை உள்ளே இழுத்தது எது?

நரம்பு. மிதப்புக்குக் கீழே ஈயக்குண்டுவரை நீருக்குள் நிற்கிற அந்த நைலான் நரம்பில் ஒரு மீன் உரசிக்கொண்டு போனாலே போதும், மிதப்பு அமிழும். காத்லா போன்ற மீனின் உடம்பு உயரத்தை நினைத்துப் பாருங்கள், நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பலகை நகர்வது போல அது போகிறது. மார்புத் துடுப்பு நரம்பில் படுகிறது, நரம்பு துடுப்புக்கும் உடம்புக்கும் நடுவில் சிக்குகிறது, மீன் மிரண்டு பாய்கிறது, மிதப்பு விசுக்கென்று மறைகிறது. கரையில் இருப்பவனுக்குத் தெரிவது மிதப்பு மறைந்தது மட்டும். அவன் சுண்டுகிறான். இப்போது முள் எந்த வழியாக வரும்? நரம்பு கிடக்கிற வழியாகத்தான் வரும், அதற்கு வேறு வழி இல்லை. தரையிலிருந்து மேல்நோக்கி, நரம்பு எங்கே மீனின் உடம்பில் சாய்ந்திருக்கிறதோ அந்த இடத்துக்கு நேராக வந்து ஏறுகிறது. வயிற்றுத் துடுப்பின் அடியில், முதுகுத் துடுப்பின் வேரில், வாலுக்கு முன்னால். உடம்பில் மாட்டிய மீன்களில் பெரும்பாலும் இந்த இடங்களிலேயே முள் இருப்பதற்குக் காரணம் இதுதான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஐந்து வருடம் ஆனது. காகு கடைசியில் வீட்டுத் தாழ்வாரத்தில் கொக்கி கட்டிய ஒரு நூலையும் வாழைக்காயையும் வைத்துக் காட்டினார். நூலை வாழைக்காயின் மேல் சாய்த்து, மறுமுனையை இழுத்தார். கொக்கி ஊர்ந்து வந்து வாழைக்காயின் அடிவயிற்றில் ஏறியது.

இனி சாருக்கு வருகிறேன், பழியின் பெரும்பங்கு அதற்குத்தான். கொஞ்சமாகப் போட்டால் மீன் ஒவ்வொன்றாக வரும், தலையைத் தாழ்த்தித் தரையில் தேடும், நம் இரையைக் கண்டால் எடுக்கும். நாம் என்ன செய்கிறோம்? நாள்சீட்டுக்குக் காசு கொடுத்திருக்கிறோம், மாலைக்குள் பிடித்தாக வேண்டும் என்று வாளி வாளியாகக் கொட்டுகிறோம். பத்து மீன் வரவேண்டிய இடத்துக்கு ஐம்பது வருகிறது. தரையில் ஒரு கூட்டம், நடுத்தண்ணீரில் ஒரு கூட்டம், கரைந்து மேலே எழும் தூளைக் குடிக்க மேலே ஒரு கூட்டம். கல்யாணப் பந்தியில் முதல் வரிசைக்கு முண்டுகிற மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. அதற்கு நட்டநடுவில் நம் நரம்பு. மிதப்பு நிமிடத்துக்கு ஒரு தரம் ஆடுகிறது, நாம் நிமிடத்துக்கு ஒரு தரம் சுண்டுகிறோம். ஒவ்வொரு சுண்டலிலும் கூர்முள் ஒன்று கூட்டத்தின் நடுவே கிழித்துக்கொண்டு மேலே வருகிறது. அதில் யார் உடம்பில் ஏறுகிறது என்பதற்கு மட்டும்தான் தற்செயல் பொறுப்பு.

காத்லா, ரோகு, மிர்கால் மூன்றும் மூன்று மட்டத்தில் தின்பவை என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். காத்லாவின் வாய் மேல்நோக்கித் திறக்கும், செவுளில் இருக்கும் சன்னமான சல்லடையால் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும், மேல்தண்ணீர்க்காரன். ரோகுவின் உதடு குஞ்சம் வைத்தது போல ஓரம் நறுங்கியிருக்கும், அது நடுத்தண்ணீரில் மேயும். மிர்காலின் வாய் கீழே, அது சேற்றைக் கிளறுவது. முள் தரையில் கிடக்கிறது, காத்லா மேலே கூடியிருக்கிறது என்றால், மிதப்பில் தெரியும் அசைவெல்லாம் மேலே இருக்கிறவை நரம்பில் மோதுவதுதான். தரையில் இரைக்கு ஒருவரும் வரவில்லை. இரை தீண்டப்படாமல் முழுசாகத் திரும்பி வந்துகொண்டே இருந்தால் அதுதான் அடையாளம். தேர்ந்தவர் மிதப்பைக் கீழே தள்ளி முள்ளை ஒரு முழம், இரண்டு முழம் உயர்த்துவார். உடனே நிலைமை மாறும். முள் மீனின் மட்டத்துக்கு வந்துவிட்டால் அதற்குக் கீழே நரம்பு கிடையாது, ஆகவே உரசுவதற்கும் ஒன்றுமில்லை.

மிதப்பு அசைகிற விதத்திலும் வித்தியாசம் உண்டு. உரசல் என்றால் வெடுக்கென்று போய் வெடுக்கென்று திரும்பும், அல்லது பக்கவாட்டில் ஒரு சாண் நழுவி நிற்கும். உறிஞ்சல் என்றால் முதலில் லேசான தட்டல், பிறகு நிதானமாக ஒரே போக்கில் இறங்கும். சில சமயம் மிதப்பு மேலே எழுந்து படுத்துவிடும், இரையோடு ஈயத்தையும் மீன் தூக்கிவிட்டது என்று பொருள். பக்கத்தில் குமிழிகள் வரிசையாக நகர்ந்தால் சேற்றைக் கிளறுகிற மீன் நெருங்கிவிட்டது. இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. மாச்சாவில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, ஒரு காலை முழுக்கச் சுண்டாமல் பார்க்க வேண்டும். காகு என்னை அப்படி ஒரு நாள் உட்கார வைத்தார். கோலைத் தொடவே விடவில்லை. அந்த நாள்தான் நான் மீன் பிடிக்கக் கற்ற நாள்.

பிரேமேந்திர மித்ராவின் தேலேனாபோதா கதையைப் படித்தவர்கள் இங்கே இருக்கலாம். அதில் மீன் பிடிக்கப் போனவன் இதற்கு நேர்மாறான தவற்றைச் செய்வான். மிதப்பு அமிழ்கிற வேளையில், குளத்துக்குத் தண்ணீர் எடுக்க வந்த பெண்ணைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவான். மிருணாள் சென் 1984-இல் அதை 'கண்டஹர்' என்று படமாக்கியபோது கதாநாயகன் கையில் தூண்டிலுக்குப் பதில் கேமராவைக் கொடுத்துவிட்டார். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம். காத்திருப்பதையும் தவறவிடுவதையும் தூண்டிலைப் போல வேறெதுவும் காட்டாது.

அடுத்தது முள்ளின் எண்ணிக்கை. மாவுருண்டை ஒன்றைச் சுற்றி நாலு, ஐந்து, ஆறு முள்கள் தொங்கவிடுகிற கட்டு இங்கே பரவலாக இருக்கிறது. காத்லா தூளைக் குடிக்கிற மீன் என்பதால், உருண்டை கரையக் கரைய அது வாயைத் திறந்து இழுக்கும், பக்கத்தில் தொங்குகிற முள்ளும் உள்ளே போகும் என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் ஆறில் ஒன்று வாயில் மாட்டிய பிறகு மீதி ஐந்தும் சும்மா இருப்பதில்லை. மீன் திரும்பிப் புரளும்போது ஒன்று கண்ணில், ஒன்று செவுளில், ஒன்று விலாவில் ஏறுகிறது. வாயில் மாட்டியது கழன்று, விலாவில் மாட்டியது மட்டும் நின்று கரைக்கு வருகிற மீனை நானே பார்த்திருக்கிறேன். கூடவே வந்த இன்னொரு மீனின் துடுப்பில் ஆறாவது முள். ஆறு முள் கட்டினால் ஆறு மடங்கு மீன் வரும் என்று நினைப்பவர்கள் ஒரு வருடம் ஒற்றை முள்ளோடு உட்கார்ந்து பார்க்கட்டும். என் அனுபவத்தில் கூடையின் எடை அவ்வளவாகக் குறையவில்லை.

குளங்களும் பழைய குளங்கள் இல்லை. ஒரு காலத்தில் கெண்டைக் குஞ்சுகளை மழைக்காலத்தில் ஆற்றிலிருந்து அள்ளி வந்துதான் குளத்தில் விடவேண்டும், ஏனென்றால் இந்த மீன்கள் தேங்கிய தண்ணீரில் முட்டையிடுவதில்லை. 1957 ஜூலை 10 அன்று ஹீராலால் சவுத்ரி என்ற விஞ்ஞானி ஒரிசாவில், மீனின் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசியாகப் போட்டுக் கெண்டைகளைக் குளத்திலேயே முட்டையிட வைத்தார். நாடு முழுக்க ஜூலை 10 மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுவது அதனால்தான். அவர் கடைசி நாட்களில் வாழ்ந்ததும் 2014-இல் மறைந்ததும் நம் கொல்கத்தாவில். நம் ஊர்ச் சந்தையில் காத்லாவும் ரோகுவும் இன்று மலிந்து கிடக்கின்றன என்றால், கிழக்குக் கொல்கத்தாச் சதுப்பு நிலத்தில் பேரி என்கிற மீன்குளங்களில் நகரத்துக் கழிவுநீரிலேயே இவ்வளவு மீன் விளைகிறதென்றால், அதில் அவர் கைக்குப் பெரும் பங்கு உண்டு. அவரை வணங்கித்தான் இதைச் சொல்கிறேன்: குஞ்சு எளிதில் கிடைத்ததால் குளங்களில் நெரிசல் கூடியது. 1959-இல் சீனத்து வெள்ளிக்கெண்டையும் புல்கெண்டையும் நாட்டுக்குள் வந்தன. 1970-களில் ஒரே குளத்தில் ஆறு வகைக் கெண்டையைச் சேர்த்து வளர்க்கும் முறை பரவியது. மேலிருந்து கீழ்வரை எந்த மட்டமும் காலியில்லாமல் தின்ன வேண்டும் என்பதே அந்த முறையின் நோக்கம். வளர்ப்பவருக்கு அது லாபம். அதே தண்ணீரில் தூண்டில் போடுகிறவனுக்கோ, நரம்பு கடக்கும் ஒவ்வொரு அடியிலும் ஒரு மீன் நிற்கிறது.

அதிலும் வெள்ளிக்கெண்டையின் பாடு தனி. அது முழுக்க முழுக்க வடிகட்டித் தின்கிற மீன், மாவுருண்டையைத் தேடி வருகிற பழக்கம் அதற்கில்லை. கரைக்கு வருகிற வெள்ளிக்கெண்டைகளில் பல உடம்பில் மாட்டியவையாக இருப்பதில் வியப்பில்லை.

இந்த ஊர்க் கோடையையும் சொல்லவேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் இரவெல்லாம் பாசியும் மீனும் சேறும் சேர்ந்து தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும். விடியற்காலையில் அது மிகக் குறைந்திருக்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். புதிதாக வந்தவன் அதைப் பார்த்து, ஆகா இவ்வளவு மீன் பசியோடு வந்திருக்கிறதே என்று தூண்டிலை வீசுகிறான். அவை பசியில் வரவில்லை, மூச்சு முட்டி வந்திருக்கின்றன. இரையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. வீசியதை இழுக்கும்போது எதன் முதுகிலாவது முள் ஏறும். நம் ரவீந்திர சரோபரில் மீன்கள் செத்து மிதந்த காலைகளை நடைக்குப் போகிறவர்கள் பார்த்திருக்கிறீர்கள். மூச்சுக்குத் தவிக்கும் குளத்தில் தூண்டில் போடக் கூடாது. இதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை.

உடம்பில் மாட்டிய மீன் ஏன் இவ்வளவு போராடுகிறது என்று நான் பேச வருவதற்கு முன் தம்பி ஒருவர் கேட்டார். வாயில் மாட்டினால் நரம்பை இழுக்கும்போது மீனின் தலை நம் பக்கம் திரும்பும், தலை திரும்பினால் உடம்பும் பின்னாலேயே வரும். முதுகில் மாட்டினால் தலை அதன் வசம். அது எங்கே போக நினைக்கிறதோ அங்கே முழு வாலையும் அடித்துக்கொண்டு போகும். நாம் இழுப்பது குறுக்குவாட்டில் கிடக்கும் ஒரு பலகையை. காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய எண்ணூறு மடங்கு அடர்த்தி, அந்தப் பலகையின் முழு அகலத்துக்கும் அது எதிர்த்து நிற்கும். இரண்டு கிலோ மீன் ஐந்து கிலோ போல இழுக்கும். 'பெரிய மீன் தப்பிவிட்டது' என்று குளக்கரைகளில் சொல்லப்படும் கதைகளில் எத்தனை, நடுத்தர மீனின் விலாவில் ஏறிய முள்ளின் கதை என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். செதில் வந்த நாளுக்குச் சில வருடங்களுக்குப் பிறகு, அதே பக்கத்து இன்னொரு குளம். அரை மணி நேரம் ஒரு மீனோடு மல்லுக்கு நின்றேன். கரையில் கூட்டம் கூடிவிட்டது. வலைக்குள் வந்தபோது மூன்று கிலோகூட இல்லாத ரோகு, முள் வால் துடுப்புக்கு முன்னால். வாலைப் பிடித்துப் பின்புறமாக இழுத்தால் செவுளில் தண்ணீர் தலைகீழாகப் போகும், மீன் மூச்சுவிட முடியாது. அரை மணி நேரம் நான் செய்தது அதுதான். கூட்டம் கைதட்டியது. நான் போட்டோவுக்கு நின்றேன். வீட்டுக்கு வந்து அதைச் சமைத்தபோது என் மனைவி கேட்டாள், "வாலுக்கிட்ட ஏன் இப்படிக் கிழிஞ்சிருக்கு?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் போட்டோவை நான் வைத்துக்கொள்ளவில்லை.

மீனுக்கு வலிக்குமா என்பது பழைய விவாதம். 2003-இல் பிரிட்டன் விஞ்ஞானிகள் டிரவுட் மீனின் தலைப்பகுதியில், காயத்தை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். அந்த உணர்வை மீன் மனத்தால் எப்படி அனுபவிக்கிறது என்பதில் அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நான் மீன் தின்கிறவன், பிடிக்கிறவன். தின்பதற்குப் பிடிப்பதில் எனக்குக் கூச்சமில்லை. இரைக்கு வந்த மீனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு பேரம் இருக்கிறது, வஞ்சனையான பேரம்தான், ஆனாலும் அது வந்து எடுத்தது. வள்ளுவர் சூதைப் பற்றிப் பேசும்போது உவமைக்கு எடுத்தது தூண்டிலை விழுங்கிய மீனைத்தான், ஆசைப்பட்ட மீனை. உடம்பில் மாட்டிய மீன் எதற்கும் ஆசைப்படவில்லை. அதைப் பிடித்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வராது.

உலகத் தூண்டில்காரர்களின் வழக்கமும் இதைத்தான் சொல்கிறது. 1939-இல் தொடங்கிய பன்னாட்டு வேட்டை மீன் சங்கத்தின் விதிப்படி, வேண்டுமென்றே உடம்பில் மாட்டிய மீனுக்குச் சாதனைக் கணக்கில் இடமில்லை. கொக்கியைக் கூட்டத்துக்குள் எறிந்து பறித்து இழுப்பதை இங்கிலாந்துச் சட்டம் சால்மன், டிரவுட்டுக்கு மட்டுமின்றி மற்ற நன்னீர் மீன்களுக்கும் சேர்த்தே தடை செய்கிறது. நம் நாட்டில் 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் வெடியையும் விஷத்தையும் தடுத்தது. பறிகொக்கியைப் பற்றி நம் குளத்துக்காரர்கள் தாங்களாகவே ஒரு முடிவுக்கு வரவேண்டும். நாள்சீட்டின் பின்புறத்தில் இரண்டு வரி அச்சிட்டால் போதும்: ஒரு நரம்புக்கு இரண்டு முள்ளுக்கு மேல் கூடாது, உடம்பில் மாட்டிய மீன் தண்ணீருக்கே போகவேண்டும்.

திருப்பி விடுவதற்கும் கை வேண்டும். உள்ளங்கையை நனைத்துக்கொண்டு பிடிக்க வேண்டும். காய்ந்த கை மீனின் மேலிருக்கும் வழவழப்பை உரித்துவிடும், அதன் வழியாக நோய் ஏறும். முடிந்தவரை மீனைத் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். முள் நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு பல்லைக் குறட்டால் முன்கூட்டியே நசுக்கி வைத்தால், ஏறிய வழியிலேயே இறங்கிவிடும். செவுளில் நரம்பு சுற்றியிருந்தால் இழுக்காதீர்கள், நரம்பை வெட்டுங்கள். பிறகு வாலையும் வயிற்றையும் தாங்கி, அது தானாக உதறிப் போகும்வரை பிடித்திருங்கள்.

தூரத்தில் வீசிப் பிடிப்பவர்களுக்கு ஒன்று. நரம்பு குளத்தின் குறுக்கே சாய்வாகக் கிடந்தால் வழியில் போகிற மீனெல்லாம் மோதும். இங்கிலாந்துக் கெண்டைக்காரர்கள் கோல் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன எடையை நரம்பில் கோத்து நழுவவிட்டு, நரம்பைத் தரையோடு படிய வைக்கிறார்கள். சில ரூபாய்ச் செலவுதான். சாரைக் குவியலாகக் கொட்டாமல், முள்ளை அதன் நடுவில் போடாமல் ஓரத்தில் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். பெரிய மீன்கள் நெரிசலுக்குள் வராமல் ஓரத்தில்தான் நிற்கும் என்பது காகுவின் நம்பிக்கை. அவர் கூடையைப் பார்த்தவன் என்ற முறையில் நான் மறுக்கமாட்டேன்.

காகு இப்போது இல்லை. அவருடைய மயிலிறகுத் தண்டு மிதப்பு ஒன்றை அவர் மகன் எனக்குக் கொடுத்தார். போன மாதம் என் பேரனை முதல் முறையாகக் குளத்துக்கு அழைத்துப் போனேன். வயது ஒன்பது. மிதப்பு வெடுக்கென்று அமிழ்ந்து வெடுக்கென்று எழுந்தது. அவன் கை கோலுக்குப் பாய்ந்தது. பிடித்துக்கொண்டேன். "தாத்தா, போச்சே!" என்றான். "போகலைடா, யாரோ வழியில போறாங்க, போகட்டும்" என்றேன். மிதப்பை இறக்கி முள்ளை ஒரு முழம் உயர்த்திப் போட்டோம். முக்கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மிதப்பு இரண்டு தரம் தட்டி, சாய்ந்து, மெதுவாக, ஒரே போக்கில் இறங்க ஆரம்பித்தது. அவன் என் முகத்தைப் பார்த்தான்.

நான் தலையசைத்தேன்.